ஃபோலிக் அமிலமும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும்: பாஸ்டன் 1947 - ஒரு நிகழ்வு ஆய்வு

பி வைட்டமின்கள் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், எதிர்ப்பு சக்தி கூடினால் புற்றுநோய் அண்டாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கீமோதெரபி முடிந்து சோர்ந்து படுத்திருக்கும் நோயாளிக்கு உறவினர் ஒருவர் மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு அட்டை பி காம்ப்ளக்ஸ் வாங்கி வந்து, "சத்து மாத்திரைதானே, உடம்புக்கு நல்லதுதான்" என்று அன்போடு கொடுப்பது அன்றாடம் நடப்பது. அந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதன் அடியிலுள்ள அனுமானம் சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதைச் சோதிக்க 1947-48இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே ஆண்டுக்குள், ஒரே மருத்துவமனையில், ஒரே நோய்க்கு, முதலில் ஒரு பி வைட்டமின் கொடுக்கப்பட்டது. பின்னர் அதே வைட்டமினின் எதிரி கொடுக்கப்பட்டது. இரண்டின் விளைவும் பதிவாகியிருக்கிறது.

பின்னணி

ஃபோலேட் என்று நாம் இன்று அழைக்கும் பி9 வைட்டமினின் வரலாறு இந்தியாவில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, அங்கே துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளைத் தாக்கிய கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அவருடைய பணி தொடர்ந்தது. அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் இருந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. வசதி குறைந்த பெண்களின் உணவிலேயே ஏதோ குறைகிறது என்று ஊகித்த வில்ஸ், மலிவாகக் கிடைத்த மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், இரத்தசோகை குணமானது. 1931இல் அவர் இதை வெளியிட்டபோது அந்தச் சாற்றில் வேலை செய்த பொருள் எதுவென்று யாருக்கும் தெரியாது. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நான்கு டன் பசலைக் கீரையைச் சாறாக்கி அந்தப் பொருளைச் செறிவாக்கி எடுத்தார்கள். இலையிலிருந்து கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது.

அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சியை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திய மாணவருக்கு முழுப் பட்டம் மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தவர்; அந்த நோய்க்கே பின்னாளில் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை உறுதிசெய்து தொகுத்தபோது, அதன் கிளைப் பொருட்கள் பலவும் கைக்கு வந்தன. அவற்றில் சில ஃபோலிக் அமிலத்தைப் போலவே வேலை செய்தன. சில, தோற்றத்தில் அதைப் போலவே இருந்துகொண்டு அதன் வேலையைத் தடுத்தன.

நிகழ்வு

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறைத் தலைவராக இருந்த சிட்னி ஃபார்பரின் அன்றாட வேலை இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்வது. கடும் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை அந்நாளில் சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. எலும்பு மஜ்ஜை முழுவதையும் முதிராத வெள்ளணுக்கள் அடைத்துக்கொள்ள, சிவப்பணுக்களும் தட்டணுக்களும் உற்பத்தியாக இடமின்றிப் போகும். வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் மலிந்திருந்தாலும் கிருமியோடு போராடும் திறன் அவற்றுக்கு இராது. இரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவரின் கையில் அதிகம் எதுவுமில்லை.

ஃபோலிக் அமிலத்தைத் தேர்ந்தெடுக்க ஃபார்பருக்கு நியாயமான காரணம் இருந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் லெவிசோன் குழுவினர், எலிகளுக்குத் தானாக வந்த மார்பகக் கட்டிகள் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது சுருங்கியதாக 1945 வாக்கில் அறிவித்திருந்தனர். பின்னர் பார்த்தால் அவர்கள் பயன்படுத்தியது சாதாரண ஃபோலிக் அமிலம் அல்ல, மூன்று குளூட்டாமிக் அமிலக் கண்ணிகள் கொண்ட ஒரு வடிவம். அந்த வடிவத்தை லெடர்லே ஆய்வுக்கூடம் டெரோப்டெரின் என்ற பெயரில் தயாரித்துக் கொடுத்தது. இரண்டு கண்ணிகள் கொண்டது டையாப்டெரின். பல வகைப் புற்றுநோய்கள் முற்றிய 90 நோயாளிகளுக்கு ஃபார்பர் குழுவினர் இவற்றைக் கொடுத்து, முடிவுகளை 1947 டிசம்பரில் வெளியிட்டனர். சத்துக் குறைவால் பெருத்து முதிராமல் நிற்கும் மஜ்ஜை அணுக்களை ஃபோலிக் அமிலம் முதிரச் செய்கிறதே, லுகேமியாவிலும் அணுக்கள் முதிராமல்தானே நிற்கின்றன என்ற ஒப்புமையும் அந்நாளில் பலரைக் கவர்ந்தது.

லுகேமியாக் குழந்தைகளிடம் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஃபோலிக் அமில வடிவங்கள் செலுத்தப்பட்ட குழந்தைகளின் மஜ்ஜையையும் உள்ளுறுப்புகளையும் ஆராய்ந்த ஃபார்பர், நோய் முன்னைவிட விரைந்து பரவியிருப்பதாகக் கருதினார். அதை அவர் 'முடுக்கம்' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இன்றைய அளவுகோலால் பார்த்தால் அந்த அவதானிப்பு பலவீனமானது. வைட்டமின் கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு இல்லை. குழந்தைகள் எல்லோருமே நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள். அவர்களில் எவருக்கு நோய் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஃபார்பர் கண்டது முடுக்கம்தானா, அல்லது நோயின் இயல்பான போக்கேதானா என்பதை அந்தத் தரவுகளைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது: வைட்டமின் இந்த அணுக்களை வளர்க்கிறது என்றால், வைட்டமினைத் தடுத்தால் அவை பட்டினியாக வேண்டும்.

அவர் சுப்பாராவின் குழுவிடம் தடுப்புப் பொருட்களைக் கேட்டார். முதலில் வந்தவை வலுவற்றவை. 1947 நவம்பரில் அமினோப்டெரின் வந்தது. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஆக்ஸிஜன் இருக்கும் இடங்களில் ஒன்றில் மட்டும் அமினோத் தொகுதியை வைத்தால் கிடைப்பது அமினோப்டெரின். மற்றபடி இரண்டும் ஒன்றே. செல்லின் நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும், பற்றிக்கொண்டபின் எளிதில் விடாது.

1948 ஜூன் 3ஆம் தேதி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரையில் ஃபார்பர், டயமண்ட் முதலிய ஐவர் இதன் முடிவைத் தெரிவித்தனர். அமினோப்டெரின் செலுத்தப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியது, முதிராத அணுக்கள் இரத்தத்திலிருந்து குறைந்தன அல்லது மறைந்தன, வீங்கியிருந்த மண்ணீரலும் கல்லீரலும் சுருங்கின, மஜ்ஜையில் இயல்பான அணுக்கள் மீண்டும் தலைகாட்டின. படுக்கையோடு கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். கடும் லுகேமியாவில் மருந்தொன்றால் இப்படி நடந்ததாக அதற்குமுன் நம்பத்தகுந்த பதிவு இல்லை.

அதே கட்டுரையில், இந்தத் தணிவு தற்காலிகமானது, மருந்து நச்சுத்தன்மை உடையது, குணம் என்ற சொல்லைப் பயன்படுத்த இங்கே ஆதாரம் எதுவுமில்லை என்றும் ஆசிரியர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். அதுவரை காணாத ஒரு முடிவை முதன்முதலாக அறிவிக்கும்போது இவ்வளவு நிதானம் காட்டியதை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்கள் எச்சரித்தபடியே நோய் திரும்பி வந்தது. நச்சுத்தன்மை முதலில் வாயில் தெரிந்தது: உள்கன்னத்திலும் நாக்கிலும் புண்கள் வந்தன. வாயின் உட்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. லுகேமியா அணுவைப் பட்டினி போட்ட அதே தட்டுப்பாடு அதையும் தாக்கியது. சுப்பாராவ் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

ஏன் அப்படி நடந்தது

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன்னுடைய டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை உருவாக்க, யூராசில் மூலக்கூறின் மேல் ஒரு கரி அணுவை ஏற்ற வேண்டும். அந்தக் கரி அணுவைச் சுமந்து வந்து கொடுப்பது ஃபோலேட். கொடுத்து முடித்த ஃபோலேட்டை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்குவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி. அமினோப்டெரினும் பின்னர் அதனிடத்தைப் பிடித்த மெத்தோட்ரெக்ஸேட்டும் அடைத்துப் போடுவது இந்த நொதியைத்தான். மற்ற பி வைட்டமின்களும் இந்தச் சுழற்சியில் ஆளுக்கொரு பங்கு வகிக்கின்றன. கரி அணுவை ஃபோலேட்டின் மேல் ஏற்றும் நொதிக்கு பி6 வேண்டும். அதன் வடிவத்தை மாற்றும் நொதிக்கு பி2 வேண்டும். ஒரு வடிவத்தில் சிக்கிக்கொண்ட ஃபோலேட்டை விடுவிக்க பி12 வேண்டும். பி12 குறைந்தவருக்கு உடலில் ஃபோலேட் இருந்தும் பயன்படாமல் போவது இதனால்தான்.

இந்தச் சரக்கு குறைந்தால் செல் என்ன செய்கிறது? தைமின் இல்லாத இடத்தில் யூராசிலை வைத்து டி.என்.ஏ.வை எழுதிவிடுகிறது. பழுதுபார்க்கும் நொதிகள் அந்தத் தவறான எழுத்தை வெட்டியெடுக்கின்றன. அருகருகே எதிரெதிர் இழைகளில் இரண்டு வெட்டுகள் விழுந்தால் குரோமோசோமே ஒடிகிறது. ஃபோலேட் குறைந்த மனிதர்களின் இரத்த அணுக்களில் இத்தகைய முறிவுகள் கூடுதலாக இருப்பதையும், ஃபோலிக் அமிலம் கொடுத்தபின் குறைவதையும் 1997இல் பிளவுண்ட் குழுவினர் காட்டினர். ஆகவே ஃபோலேட் பற்றாக்குறை புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பது வெறும் ஊகமல்ல. உணவில் ஃபோலேட் நிறைந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதோடு இது பொருந்திப் போகிறது.

ஆனால் ஏற்கெனவே புற்றாக மாறி, கட்டுப்பாடின்றிப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்கு அதே சரக்கைக் கொடுத்தால், அது பிரிவதற்குத்தான் உதவும். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிவதைப்போல, ஃபோலேட்டுக்கும் நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் கிடையாது. பாஸ்டன் நிகழ்வு கற்றுக்கொடுத்த அடிப்படை இதுதான் என்பது என் கருத்து: பி வைட்டமின் புற்றுநோயைத் தடுக்குமா, வளர்க்குமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை, யாருடைய உடலில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கணக்கு

லுகேமியா என்பதே நோய் எதிர்ப்பு அணுக்களில் தோன்றும் புற்று. ஆகவே இந்த நிகழ்வில் எதிர்ப்புச் சக்தியையும் புற்றுநோயையும் பிரித்துப் பேச முடியாது. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களை நம் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி உற்பத்தி செய்கிறது. ஒரு கிருமியை அடையாளம் கண்டுகொண்ட டி செல் என்ற வெள்ளணு ஒரு நாளுக்குள் பலமுறை பிரிந்து படையாகப் பெருகுகிறது. இத்தனை பிரிவுகளுக்கும் தைமின் வேண்டும், எனவே ஃபோலேட் வேண்டும்.

பற்றாக்குறையை இரத்தப் பூச்சில் கண்ணாலேயே காணலாம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை இழுத்துச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தால், இயல்பான நியூட்ரோஃபிலின் உட்கரு மெல்லிய இழைகளால் இணைந்த மூன்று, நான்கு மடல்களாகத் தெரியும். ஃபோலேட்டோ பி12-ஓ குறைந்தவரிடம் அதே அணு ஆறு, ஏழு மடல்களாகப் பிளவுபட்டிருக்கும். பக்கத்தில் சிவப்பணுக்கள் முட்டை வடிவில் பெருத்துக் கிடக்கும். இரத்தசோகை வெளியே தெரிவதற்கு முன்பே இந்த மடல்கள் காட்டிக்கொடுத்துவிடுவதுண்டு. பம்பாயில் வில்ஸ் பார்த்த நோய் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பி6 பற்றியும் மனிதரிடம் செய்த கட்டுப்பாடான சோதனை ஒன்று உண்டு. 1991இல் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்டானி குழுவினர், ஆரோக்கியமான முதியவர்கள் எட்டுப் பேருக்கு பி6 குறைந்த உணவைக் கொடுத்தபோது அவர்களுடைய லிம்போசைட்டுகள் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) பெருகும் திறனும், அவற்றைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற பொருளின் உற்பத்தியும் குறைந்தன. பி6 மீண்டும் கொடுத்ததும் திரும்பின. குறைந்தால் கெடும், நிரப்பினால் சரியாகும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. நிரம்பியபின் மேலும் ஊற்றினால் மேலும் கூடும் என்பது இதிலிருந்து வராது. சொல்லப்போனால் எதிர்த்திசையில் ஒரு குறிப்பும் இருக்கிறது: மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2006இல் டிரோன் குழுவினர் செய்த ஆய்வில், செயற்கை ஃபோலிக் அமிலம் மாற்றமடையாமல் இரத்தத்தில் மிதந்துகொண்டிருந்தவர்களுக்கு இயற்கைக் கொல்லி செல்களின் திறன் குறைவாக இருந்தது. புற்றுச் செல்லைக் கண்காணிப்பதில் பங்குள்ள அணுக்கள் அவை. இது ஒரு தொடர்பு மட்டுமே, காரணமென்று நிறுவப்பட்டதல்ல. என்றாலும் 'எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது' என்போர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

பி வைட்டமின்களை எதிர்ப்பு மண்டலம் வேறொரு வகையிலும் கவனிக்கிறது. 2012இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் கண்டறிந்தபடி, நம் குடலிலும் கல்லீரலிலும் மிகுந்து காணப்படும் மெய்ட் என்ற டி செல்கள், பாக்டீரியா பி2 தயாரிக்கும்போது பக்கவாட்டில் உண்டாகும் பொருட்களை அடையாளமாகக் கொண்டு கிருமியை இனங்காண்கின்றன. மனித உடல் பி2-ஐத் தானாகத் தயாரிப்பதில்லை. ஆகவே அந்தத் தயாரிப்பின் தடயம் தென்பட்டால் அது அந்நியரின் வேலை என்பது உறுதி. ஃபோலிக் அமிலம் சிதைந்து வரும் ஒரு பொருளும், அந்த அடையாளங்களை டி செல்லுக்குத் தாங்கிக் காட்டும் அதே மூலக்கூறில் போய் அமர்கிறது, ஆனால் செல்லைத் தூண்டுவதில்லை.

ஃபோலேட்டைத் தடுப்பது எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் என்பதும் விரைவிலேயே மருத்துவமாயிற்று. ஃபார்பரின் கட்டுரை வந்த மூன்றே ஆண்டுகளில், 1951இல், குப்னர் குழுவினர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுத்துப் பலன் கண்டனர். தன் உடலையே தாக்கும் எதிர்ப்பு அணுக்களை அது அடக்கியது. இன்று முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், சிறிய அளவில். அதன் பக்கவிளைவுகளைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு, வாய்ப்புண்ணும் வெள்ளணுக் குறைவுமாக வந்து உயிருக்குப் போராடியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மாத்திரை அட்டையின் மேல் கிழமையை எழுதிக் கொடுக்கும் மருந்தாளுநர் செய்வது சிறு காரியமல்ல.

பின்னர் வந்த சோதனைகள்

ஃபார்பரிடம் இல்லாத ஒப்பீட்டுக் குழுக்கள் அரை நூற்றாண்டு கழித்து வந்தன, வேறொரு கேள்விக்காக. பெருங்குடலில் அடினோமா என்ற கட்டிகள் அகற்றப்பட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அவை மீண்டும் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,021 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அளவு தினமும் 1 மி.கி. முடிவு 2007இல் வெளியாயிற்று. முதல் மூன்றாண்டுகளில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. இரண்டாம் கட்டப் பரிசோதனையில், முற்றிய வகை அடினோமாக்கள் ஃபோலிக் அமிலக் குழுவில் 11.6 சதவீதத்தினரிடமும் போலி மாத்திரைக் குழுவில் 6.9 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அதே சோதனையில் பங்கேற்ற ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வந்த அறிக்கை, புரோஸ்டேட் புற்றுநோய் ஃபோலிக் அமிலம் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்ததாகத் தெரிவித்தது. தடுக்கும் என்று கொடுத்தது தடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே முளைவிட்டிருந்த கட்டிகளுக்குத் துணைபோயிருக்கலாம்.

அதே 2009இல் நார்வேயிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. மாவில் ஃபோலிக் அமிலம் கலக்காத நாடு அது. ஆகவே கலப்படமில்லாத ஒப்பீடு அங்கே கிடைத்தது. இதய நோயாளிகள் 6,837 பேரில், ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துப் பெற்றவர்களில் 10.0 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 8.4 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் கண்டது. நுரையீரல் புற்றுநோயே இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம்; பங்கேற்றவர்களில் புகைத்தவர்களும் புகைப்பவர்களும் நிறைய.

இவற்றைப் படித்துப் பதறவும் வேண்டாம். 2013இல் 13 சோதனைகளின் தனிநபர் தரவுகளை ஒன்றுசேர்த்து, சுமார் 50,000 பேரை ஆராய்ந்த தொகுப்பாய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஃபோலிக் அமிலக் குழுவில் 7.7 சதவீதம், மற்றதில் 7.3 சதவீதம், புள்ளியியல்படி உறுதியான வேறுபாடில்லை. சராசரியாக ஐந்தாண்டுகள் வரை ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் புற்றுநோய் பெருமளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதே அதன் முடிவு. நார்வே முடிவும் இந்தத் தொகுப்பில் அடங்கும். என் வாசிப்பில், பொதுமக்களுக்கு இது ஆறுதலான செய்தி. மறைந்திருக்கும் கட்டியோ நீண்டகாலப் புகைப்பழக்கமோ உள்ளவர்களைப் பொறுத்தவரை சராசரிக் கணக்கு முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 77,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: பத்தாண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 20 மி.கி.க்கு மேல் பி6 அல்லது 55 மைக்ரோகிராமுக்கு மேல் பி12 சப்ளிமென்டாக எடுத்த ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. புகைத்தவர்களிடம் இது மேலும் தெளிவாகத் தெரிந்தது. பெண்களிடம் இந்தத் தொடர்பு இல்லை. இது அவதானிப்பு ஆய்வு என்பதால் காரணத்தை நிறுவாது. ஆனால் நம் மருந்துக் கடைகளில் நரம்புத் தளர்ச்சிக்கென்று விற்கும் மெத்தில்கோபாலமின் மாத்திரை ஒன்றில் 1,500 மைக்ரோகிராம் இருப்பது வழக்கம். உடலின் அன்றாடத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்குள்தான். இவ்வளவு பெரிய அளவில் மிகச் சிறு பங்கே குடலில் உறிஞ்சப்படும் என்றாலும், தேவையே இல்லாதவர் அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிடக் காரணம் எதுவும் இல்லை. மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், சுத்த சைவர்கள், வயிற்றறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு பி12 குறைவது உண்மையான ஆபத்து, பரிசோதித்து நிரப்ப வேண்டியது.

பி3 குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோட்டினமைடு மட்டும் ஒரு சோதனையில் தடுப்புப் பலனைக் காட்டியது. 2015இல் சிட்னியில், முன்பே தோல் புற்றுநோய் வந்த 386 பேருக்கு 500 மி.கி. வீதம் தினம் இருவேளை ஓராண்டு கொடுத்தபோது புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. மெலனோமா என்ற கொடிய தோல் புற்று இந்தக் கணக்கில் சேராது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலின் எதிர்ப்புச் சக்தியை மந்தப்படுத்துவதை அது தடுக்கிறது என்பது விளக்கம். மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது. உறுப்பு மாற்று செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளோடு வாழும் 158 பேரிடம் செய்து 2023இல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை.

சிகிச்சையில் இருப்பவருக்கு

பாஸ்டன் நிகழ்வின் நேரடி வாரிசு இன்றைய கீமோதெரபி. ஃபார்பரின் குழந்தைகளுக்குத் தற்காலிகத் தணிவையே தந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட், 1956இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோரின் கையில் கோரியோகார்சினோமா என்ற நஞ்சுக்கொடிப் புற்றை முழுமையாகக் குணப்படுத்தியது. மற்ற மருந்துகளோடு சேர்ந்து அது இன்றும் குழந்தைகளின் லுகேமியா சிகிச்சையில் இருக்கிறது. வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இந்த மருந்துகளோடு ஃபோலேட்டின் உறவு ஒரே மாதிரியானதல்ல. மெத்தோட்ரெக்ஸேட்டை மிக அதிக அளவில் செலுத்திய பிறகு, குறித்த மணி நேரத்தில் லூகோவோரின் என்ற ஃபோலேட் வடிவத்தைக் கொடுத்து நல்ல செல்களை மீட்கிறார்கள். நேரம் முந்தினால் புற்றுச் செல்லும் மீண்டுவிடும், பிந்தினால் நோயாளியின் மஜ்ஜை மீளாது. பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் 5-ஃப்ளூரோயூராசிலோடு அதே லூகோவோரினைச் சேர்த்தால் மருந்தின் பிடி இறுகுகிறது, நச்சும் கூடுகிறது. ஆகவே அந்த மருந்தையோ அதன் மாத்திரை வடிவமான கேப்சிட்டபினையோ எடுப்பவர் தாமாக ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகலாம். நுரையீரல் புற்றுக்கான பெமெட்ரெக்ஸெட்டுக்கோ நிலைமை நேர்மாறு: ஒரு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கினால்தான் அதைப் பாதுகாப்பாகச் செலுத்த முடியும். மருந்துக்கு மருந்து விதி இப்படி மாறும்போது, எந்த வைட்டமின் வேண்டும், எது கூடாது என்பதை அந்தச் சீட்டை எழுதிய மருத்துவரைத் தவிர வேறு யாரும் ஊகிக்க இயலாது.

மார்பகப் புற்றுக்குக் கீமோதெரபி பெற்ற 1,134 பேரைப் பற்றி 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் பி12 சப்ளிமென்ட் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. இதுவும் தொடர்பைக் காட்டுவதே, நிறுவுவதன்று. கை கால் மரத்துப்போகிறது என்று சொன்னவர்களே பி12 எடுத்திருக்கலாம், அவர்கள் முன்பே பலவீனமானவர்களாக இருந்திருக்கலாம். ஆயினும் மரத்துப்போவதை மருத்துவரிடம் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்குவது சரியான வழியல்ல.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கர்ப்பிணி ஒருவர் ஃபோலிக் அமிலத்தை நிறுத்தினால் அது பெரிய தீங்காகும். முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள குழந்தையை முன்பு சுமந்த பெண்களிடம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறையும் என்று 1991இல் பிரிட்டிஷ் சோதனை நிறுவியது. கருவும் வேகமாகப் பிரியும் செல்களின் தொகுதிதான். அங்கே ஃபோலேட்டுக்குத் தட்டுப்பாடு வரவே கூடாது. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருப்பது அதற்காகவே.

ரேஷன் கடையில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றியும் இதே கவலையோடு பலர் கேட்கிறார்கள். அந்த அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12-உம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுபவருக்கு அதிலிருந்து அதிகபட்சம் 50 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கிடைக்கும். அடினோமாச் சோதனையில் கொடுத்தது அதைப்போல் 20 மடங்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 மி.கி. ஃபோலிக் அமில மாத்திரை ஒன்று அதைப்போல் 100 மடங்கு. கேள்வி கேட்க வேண்டியது அந்த மாத்திரையைப் பற்றி: யாருக்காக எழுதப்பட்டது, எத்தனை நாளுக்கு, நிறுத்தச் சொன்ன தேதி எது என்று.